என்னோடு எம்.ஏ. படித்த அம்மாவுக்கு

என் பொன்னு அம்மா,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் இருந்து கேளு. எனக்கு இரண்டு நாளாக ஒரே வெப்ராளம், இருப்புக்கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போகிறேன், முற்றத்திலிருந்து ரோட்டுக்குப் போகிறேன். அப்பாவும் அப்படித்தான். இரும்புக்கடையைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார். வந்ததும் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பிப் போகிறார். நீ இருந்தால், "ரெண்டுபேரும் ஒரு இடத்தில இருங்க, எனக்குத் தலை சுத்துது" என்று சத்தம் போட்டிருப்பாய்.

என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்தே வரவேண்டும்.

உனக்கு ஓர்மை உண்டா, அந்த இன்டர்வியூ நாள்? எல்லைக்கு அங்கோட்டு, தமிழ்நாட்டில், புதிதாக ஒரு பல்கலைக்கழகம் வந்திருக்கிறது, அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து இதன்கீழ் சேர்ந்துவிட்டன என்று பேச்சாக இருந்த சமயம். உதியன்குளங்கரையில் பஸ் ஏறி, களியக்காவிளையில் மாறி, அதற்கப்புறமும் மாறிப் போனோம். பல்கலைக்கழகம் என்று நான் எதையோ நினைத்திருந்தேன். அங்கே இருந்ததோ உடைமரக் காட்டுக்கு நடுவில் தகரக்கூரை போட்ட சில ஷெட்டுகள். அடித்த காற்றில் கரும்பலகையே ஆடியது.

ஆபீஸில் இருந்தவர் உன்னைப் பார்த்து, "கார்டியன் எல்லாம் வெளியே உட்காருங்கம்மா" என்றார்.

"எனக்கும் இன்டர்வியூ உண்டு சாரே" என்றாய்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அடுக்களையில் இருந்தபடியே தபாலில் பி.ஏ. முடித்தவள் நீ. வரலாறு எம்.ஏ.வுக்கு என்னோடு நீயும் எழுதிப் போட்டிருந்தது அப்பாவுக்கு முந்தின நாள்தான் தெரியும். "நாப்பது வயசில என்னத்துக்கு இது? ஆளுவ சிரிக்கதுக்கா?" என்று கேட்டார். "சிரிக்கவங்க சிரிச்சிட்டுப் போட்டு. நான் போறேன் ஆக்கும்" என்றாய். அவ்வளவு நாள் அந்தச் சொல்லை எங்கே வைத்திருந்தாய் அம்மா?

வகுப்பில் நீ முன்பெஞ்ச், நான் பின்பெஞ்ச். பிள்ளைகள் முதலில் உன்னை 'அம்மா' என்றார்கள், பிறகு 'லில்லிக்கா' ஆனாய். வேணாட்டு ராஜாக்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்த சாரிடம், "அவங்க வீட்டுப் பொம்பளைங்க அந்த நேரத்தில என்ன செய்தாங்க சாரே?" என்று கேட்டாய். அதன்பிறகு உன்னைப் பார்க்காமல் அவர் பாடம் எடுத்ததே இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு அங்கே விடுதி இல்லை. சாயங்காலம் பஸ் நின்றால் நின்றது, இல்லையென்றால் இல்லை. நம் வகுப்புச் சாந்திக்கு ஒருநாள் கடைசி பஸ் நிற்காமல் போய்விட்டது. அண்ணன் தேடி வரும்வரை சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவள் வரவில்லை. வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். நீ பேனாவை மூடி வைத்துவிட்டு வகுப்பை விட்டு வெளியே போனாய். உன் பின்னால் நாங்கள் எல்லோரும் வந்து ஆபீஸ் வாசலில் இருந்தோம். விடுதி கிடைக்காமல் எழும்ப மாட்டோம் என்றோம்.

செய்தி ஊர் ஊராகப் போய், பெற்றோர் எல்லாம் ஜீப் பிடித்து வந்துவிட்டார்கள், மகள்களைக் கூட்டிக்கொண்டு போக. அதிகாரி வெளியே வந்து, "பெற்றோர் எல்லாம் இந்தப் பக்கம் வாங்க, ஸ்டூடன்ட்ஸ் அந்தப் பக்கம் போங்க, பேசலாம்" என்றார். எல்லோரும் பிரிந்து நின்றோம். நீ மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாய்.

"நீங்க எந்தப் பக்கம்மா?"

"எனக்க மகளும் இங்க இருக்கா. நானும் இங்க படிக்கேன். எங்க நிக்கணும்ணு நீங்களே சொல்லுங்க சாரே."

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அன்றைக்கே பேச்சு முடிந்தது.

பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். வார்டன் வரும்வரை பொறுப்பான ஒரு பெரிய பெண் கூடத் தங்க வேண்டும் என்று சொன்னதும், எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். "மக்கா, அப்பாவுக்கு நீ சோறு வச்சுக் குடுப்பியா?"

அப்படித்தான் நீ விடுதிக்கும் நான் அடுக்களைக்கும் போனோம். நீயே போய்ப் பேசி சாந்தியைத் திரும்பக் கொண்டுவந்தாய். ஒரே வகுப்புதான், ஆனால் நான் சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடுவேன். நீ பிள்ளைகளோடு நூலகத்துக்கு நடப்பாய். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவாய். கொஞ்ச நாளில் வார்டனும் வந்தார். அதற்குப் பிறகும் நீ விடுதியைக் காலி செய்யவில்லை. ஏன் அம்மா? நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி என்று படுத்த உன்னைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம், மூளைக்காய்ச்சல் என்றார்கள். நீ திரும்பி வரவில்லை. "அங்கத்த தண்ணிதான். அந்தக் கெட்டிடந்தான் அவளைக் கொண்டுபோச்சு" என்றார் அப்பா. யாருக்கும் வரக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பரீட்சையை நான் தனியாக எழுதினேன். உன் பெஞ்சில் யாரும் இருக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூட அப்பா இத்தனை வருஷம் வீட்டில் சொல்லவிடவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பல்கலைக்கழக வளாகத்திலேயே பெண்கள் விடுதிக்குச் சொந்தக் கட்டிடம் வந்துவிட்டது. சந்தைப் பக்கத்து வீட்டைக் காலி செய்கிறார்கள். அதற்கு முன்னால் பழைய பிள்ளைகள் ஒருநாள் அங்கே கூட வேண்டும் என்று சாந்தி கூப்பிட்டாள். அவள் இப்போது அங்கேயே பாடம் எடுக்கிறாள், தெரியுமா? முந்தாநாள் நான் புறப்பட்டபோது அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வாறேன்" என்றார்.

ஷெட்டுகள் ஒன்றும் இல்லை அம்மா. வேப்பமரங்கள் நிற்கின்றன. பஸ் உள்ளேயே வந்து திரும்புகிறது. அப்பா எதையும் பார்க்கவில்லை. "அவ இருந்த வீடு எங்க?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

உன் அறையில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். சாந்தி உன்னைப் பற்றிப் பேசினாள். "லில்லிக்கா எப்பவும் சிரிச்சிட்டே இருப்பாங்க அப்பா. ஒரு மழைக்கு எங்க எல்லாரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போய் ஆடுனாங்க. ஊரே நின்னு பார்த்துச்சு."

"ஆரு, லில்லியா? ஆடினாளா?"

"ஆமாப்பா. பாட்டும் அவங்களே பாடுனாங்க."

திரும்பி வரும்போது, களியக்காவிளை தாண்டியதும் அப்பா கேட்டார். "வீட்டில அவ ஒரு நாளும் ஆடினது இல்லியே மக்கா. அவளுக்கு நம்மகிட்ட இருந்ததைவிட அங்க சந்தோஷம் கூடுதலா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பஸ் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். கேட்டது என்று அவருக்கும் தெரியும்.

அதற்கு மேல் ஒன்று உண்டு. நெய்யாற்றின்கரையில் தனியார் பாரலல் காலேஜில் வகுப்பெடுத்தது போதும் என்று, அந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சிக்கு நான் கேட்டிருந்த இடம் கிடைத்துவிட்டது. அந்தப் புது விடுதியில்தான் தங்க வேண்டும். ஒருத்தி போய்ச் சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்லிவிட்டு, இன்னொருத்தியும் போகிறேன் என்று எந்த வாயால் சொல்ல? "இல்ல அப்பா, அம்மைக்கு வீடுதான் பெருசு" என்று ஒரு பொய் சொன்னால் அவர் தூங்குவார். ஆனால் நீ? உன் வாழ்க்கையில் நீயாகத் தேடிக்கொண்ட அந்தக் கொஞ்ச நாளை நான் இல்லையென்று ஆக்கலாமா?

மாட்டேன் அம்மா. நாளைக்கு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லுவேன்: "கூடுதல்தான் அப்பா. அங்க அம்மைக்கு நல்ல சந்தோஷம் இருந்துச்சு." அவர் அழுதால் எழும்பிப் போக மாட்டேன். கோபப்பட்டாலும் போக மாட்டேன். அடுத்தது "நீயும் போறியா மக்கா?" என்று அவர் கேட்டாலும், அதற்கும் உள்ளதைத்தான் சொல்லுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்க ஒரே மகள்,
ஷீபா