ஐப்பசியில் காற்றாடி ஓடுகிறதா

ஆரணி
12.9.2006

லாவண்யா கண்ணுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், கடை திறக்கிறேன். ஆரல்வாய்மொழியில் உன் உடம்பும் சாப்பாடும் நல்லபடியாக இருக்க வேண்டும். காற்றாலை வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இருக்கிறேன் என்று போனில் சொன்னாய், நான் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். அம்மா போய் நாலு மாதமாகியும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நேற்று கடையில் ஒரே மோட்டாரின் கம்பிச் சுருளை இரண்டு தடவை பிரித்துச் சுற்றினேன், முதல் தடவையே சரியாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு பூங்காவனம் அக்கா, “பொண்ண இட்டுகினு வந்துடுப்பா, பேய் மாரி சுத்திகினு கீறியே” என்கிறாள்.

இதற்கு நடுவில் பவர்லூம் சங்கத்து ஜெயவேல் வந்தான். காற்றாலை மின்சாரத்தை மின்வாரியம் இத்தனை பங்கு வாங்கியே தீர வேண்டும் என்று மாநிலத்தில் விதி வரப்போகிறது, ஆட்சேபம் எழுதலாம், கார்த்திகையில் நேரிலும் கேட்பார்களாம். “அண்ணே, காத்து அடிக்கிறது ஆடியில, நம்ம தறி ஓடுறது தீபாவளிக்கு. காத்தாடி நின்னா கரெண்டு கட்டு நமக்குத்தான். டிப்ளமா படிச்சவன் நீ, ஜல்தியா எழுதிக் குடு. பொண்ணு சம்பளத்த பாத்து பம்மாதே” என்று சிரித்தான். எழுதினேன். ஐப்பசியில் காற்றாலை சும்மா நிற்கும் என்று எழுதி முடித்து, கேளு ஆதி என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். அம்மா இருந்தால், நீ பாத்தியா என்று கேட்டிருப்பாள். நான் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். காற்றுக்கு நிலக்கரி வாங்க வேண்டாம், ஆனால் நாம் கேட்கும்போது வராது, இரண்டும் நிஜம், எது எவ்வளவு என்று இங்கே யாருக்கும் தெரியாது.

உனக்குத் தெரியும். வருகிற ஐப்பசி முழுவதும் எந்த நாள் எவ்வளவு ஓடுகிறது என்று நீயே எழுதி அனுப்பு, ஜெயவேலுக்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்காதே, அதை வைத்துக்கொண்டுதான் கார்த்திகையில் போய்ப் பேசப் போகிறேன். அதற்கு நீ அங்கே இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் இருக்க வேண்டும். நீ வந்தால் எனக்கு நிம்மதிதான், அதை மறைக்கவில்லை, ஆனால் வராதே.

தீர்க்காயுசாக இரு. டவரில் ஏறும் முன் பெல்ட் கொக்கியை மாட்டிவிட்டு இன்னொரு தரம் இழுத்துப் பார், எனக்கு நீ ஒருத்திதான்.

உன் அப்பா
குப்புராஜ்