நாகபுரிக் கிளையின் பலம்

அன்புள்ள செவ்வந்திக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

சூலூர் தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் சுந்தரராஜுலு வந்திருந்தார். வியாபாரத்தைப் பெருக்க, நம் பம்புசெட் கம்பெனியின் பலம் என்னவென்று இங்குள்ள கடைக்காரர்களிடம் விசாரித்தார். பழுதான மோட்டார் சரியாகும்வரை நான் வேறொன்றை ஓட்டக் கொடுப்பதைத்தான் எல்லோரும் சொன்னார்களாம். அது நம் ஊர்ப் பட்டறைப் பழக்கம்தானே.

பிறகு கிளைக் கூட்டத்தில் அவர், "ஏனுங்க கௌதமன், இங்க நம்ம பலமே நீங்கதானுங்க. உங்களைச் சூலூருக்கு மாத்திப்போட்டு நாங்க என்னங்க பண்றது?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான் கேட்டிருந்த மாற்றல் இனிக் கிடைக்காது. கோபம்கூட வரவில்லை. பருப்புப்பொடியும் இரண்டு பனியனும் அனுப்பு. நான் வந்ததும் குடிபோக நாம் பேசிவைத்த வீட்டை வேறு யாருக்காவது வாடகைக்கு விடச் சொல்லிவிடு. உனக்கும் அம்மாவுக்கும் இப்போது இருக்கும் வீடே போதும். சரக்கு லாரி வந்துவிட்டது.

கௌதமன்