இரண்டு சால்வை வாங்கியவன் மச்சானுக்கு எழுதுவது

என் தங்கச்சி கழுத்தில் மூன்று முடிச்சைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் என் காதில் கோஷம் போட்ட என் அருமை மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் பாண்டிச்சேரி உருப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிடக்காதே. உருப்பட்டது ஒன்றே ஒன்றுதான், உன் பொண்ணு. நம்ம கலைச்செல்வி இப்போது பாட்டுக்காரி. சினிமாப் பாட்டா என்று தலையைச் சொறியாதே. ராப். மில் கேட்டில் நின்று கையைத் தூக்கிக் கத்துவாயே, அதைத் தாளத்தில் உட்கார வைத்து, மூச்சு விடாமல் நிமிஷத்துக்கு நானூறு வார்த்தை பேசினால் அதற்குப் பேர் ராப். உனக்குக் கோஷம் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் இதைக் கண்டுபிடித்தவனே நான்தான். அமெரிக்காவில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டதாகக் கேள்வி.

குழுவுக்குப் பேர் "உப்புத்தண்ணி". டிரம்முக்கு மிஷேல். உப்பளத்துக்காரன், தாத்தா பிரான்சு பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான், அதிலும் ஒன்று பிரெஞ்சு நன்றி, 'மெர்சி'. பாஸ் கிதாருக்கு ஒருத்தன். நெல்லித்தோப்பில் கல்யாண ஊர்வலத்துக்கு டிரம்பெட் ஊதுகிற பெரியவர் ஒருத்தர். முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு கலை. மேனேஜர் நான். யாரும் வைக்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன்.

இந்த ஊரில் ராப்பு பாடுகிறேன் என்று கிளம்பியிருக்கிற மற்ற கும்பலைப் பார்த்தால் நீ இன்னொரு தடவை செத்துப்போவாய். கழுத்தில் நாய்ச்சங்கிலி, கண்ணில் ராத்திரியும் கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பென் டிரைவ். தாளம், பாட்டு, கைத்தட்டல் எல்லாம் அந்தச் சுண்டுவிரல் சைசுக்குள்ளே. இவன் மேடையில் உதட்டை அசைத்துக்கொண்டு நடப்பான். நடுவில் மயக்கம் போட்டு விழுந்தாலும் பாட்டு நிற்காது. "அநியாயம், அக்கிரமம்" என்று கத்துவான், என்ன அநியாயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்கிறவர்கள் அதைவிட மோசம். பீச் ரோட்டுப் பக்கம் காபிக் கடையில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டுவார்கள். பாட்டு முடிந்ததும் "செம்ம ஆங்கர் ப்ரோ" என்பார்கள். கோபத்தைக் கூட கேக்கு மாதிரி ருசி பார்க்கிற ஜனம்.

கலைக்கு இது ஆகாது. "தோல்ல கையால அடிக்கணும் மாமா, வாயால ஊதணும். மனுஷன் வாசிச்சாத்தான் நான் பாடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பிடிவாதம் யாருடையது என்று உனக்கே தெரியும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் திட்டாதே.

பிள்ளைச்சாவடியில் கடல் வீடுகளைத் தின்றுகொண்டு வருவது நீ இருக்கும்போதே ஆரம்பித்ததுதான். கரைக்குக் கல் கொட்டுகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருத்தன் வருவான். ஊர்ப் பெரியவர்களுக்குச் சால்வை போர்த்துவான், போட்டோ எடுப்பான், போய்விடுவான். கலை அதைப் பாட்டாகக் கட்டினாள்.

"கல்லு கேட்டோம் கரைக்கு,
சால்வ வந்துது தோளுக்கு.
அல வந்து கேக்குது,
ஆளு யாருடா ஊருக்கு?"

இந்தப் பாட்டு போனில் பரவி, அந்த ஊர்க்காரர்களே தேடி வந்தார்கள். மீன் விற்கிற அஞ்சலை என்கிற அம்மாதான் தலைமை. அவள் வீட்டின் பின்சுவர் போன மழையில் கடலுக்குப் போய்விட்டது. "எங்க ஊர்ல, எங்க கரையில, எங்க ஜனம் முன்னாடி இதப் பாடணும். கட்சிக்காரன் நெழலு படக்கூடாது" என்றாள். கலைக்குக் கண்ணில் தண்ணீர். காபிக் கடையில் நூறு பேர் தலையாட்டியதற்கு வராத தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி என்று முடிவானது.

அதற்கு நாலு நாள் முன்னால் நான் தவளக்குப்பம் ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு கட்சிக் கூட்டம். எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன், எதை எழுதினாலும் பொருந்தும். மேடையில் ஒரு அண்ணன், சுற்றி முப்பது வெள்ளைச் சட்டை. அதில் ஒருத்தனுக்கு என்னைத் தெரியும். திடீரென்று மைக்கில், "நமது மண்ணின் புரட்சி இசைக்குழு உப்புத்தண்ணியின் மேலாளர் அண்ணன் தனபால் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!" என்றார்கள்.

மேலாளராம். அண்ணனாம். அவர்களாம். டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஏறினேன். போர்த்தினார்கள். பளிச் பளிச்சென்று போட்டோ. நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? கட்சிக்கரை போட்ட சால்வை தோளில் விழுந்து, போட்டோவும் எடுத்துவிட்டால் நீ அந்தக் கட்சி. உறுப்பினர் அட்டையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். தாலியைக் கூட அறுக்கலாம், சால்வையை அறுக்க வழி கிடையாது.

மறுநாள் பேப்பரில், "உப்புத்தண்ணி இசைக்குழுவினர் கட்சியில் ஐக்கியம்" என்று போட்டிருந்தான். படத்தில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், குழுவினராம். எழுதியவனுக்கு ஒன்றுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எட்டாம் கிளாஸைப் பாதியில் விட்ட எனக்கே தெரிகிறது.

பத்து மணிக்குள் பிள்ளைச்சாவடியிலிருந்து போன். "பாட்டு வேணாம்மா. நீங்களும் அந்தக் கூட்டம்தானா?" என்று அஞ்சலை கேட்டாளாம். கலை போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மச்சான், மில் மேனேஜரைப் பார்த்து நீ கூட அப்படிப் பார்த்ததில்லை.

"மாமா, நான் யாரத் திட்டிப் பாடுறனோ அவன் போத்துன துணிய நீ போத்திக்கிட்டு நிக்கிற. இனிமே என் வாய்ல இருந்து வர்ற எத நம்புவாங்க?"

"திருப்பிக் குடுத்துடறேன் கண்ணு. ஒரு சால்வைதானே!"

சால்வையைத் திருப்பிக் கொடுத்தவன் இந்திய சரித்திரத்திலேயே கிடையாது. முதல் ஆள் நான். மடித்து, இஸ்திரி போட்டு, அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கூட்டம்.

"அண்ணே, இத நீங்க திருப்பி வாங்கிக்கணும்."

"ஏன் தனபாலு, சின்னதா இருக்கா?"

"அதில்லண்ணே, நான் வந்து..."

"டேய், உள்ள பெருசு ஒண்ணு இருக்கும், எடுத்தாடா!"

எடுத்து வந்தார்கள். இந்தத் தடவை ஜரிகை போட்டது. போர்த்தினார்கள். போட்டோ. தடுக்கத்தான் கையைத் தூக்கினேன். பேப்பரில் பார்த்தால் கும்பிடுகிற மாதிரி விழுந்திருக்கிறது. வெட்கங்கெட்ட கேமரா.

அந்த மனுஷனை நான் கோபமாகக்கூட நினைக்கவில்லை. அவனுக்கு மனுஷன் என்றால் தோள். பார்த்ததும் போர்த்துவான். நாளைக்குக் கடல் வந்து வாசலில் நின்றால் அதற்கும் ஒன்று போர்த்தி, "கடல் அன்னை கட்சியில் ஐக்கியம்" என்று செய்தி கொடுப்பான்.

கலை என்னோடு பேச்சை நிறுத்தினாள். பிறகு அவளே என்னைப் பிள்ளைச்சாவடிக்கு இழுத்துப்போய், இடிந்த சுவர் பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அஞ்சலை முன்னால் நிறுத்தினாள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன். அபாரமான விளக்கம். அவள் ஈ ஓட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வாயால கெட்ட ஆளுய்யா நீ. வாயாலயே கழுவு. ஞாயித்துக்கெழம எங்க ஜனம் முன்னாடி ஏறி நடந்ததச் சொல்லு. அவங்க நம்புனா புள்ளைங்க பாடட்டும். நம்பலன்னா சாமானெல்லாம் வண்டில ஏத்திக்க."

ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு லட்சம் பேர். சரி, எரநூறு. படகுகளுக்கு நடுவில் மணலில் பலகை அடுக்கி மேடை. எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்று மிஷேல் மெதுவாகத் தாளம் போட ஆரம்பித்தான். நல்ல பையன் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்தேன்.

"தாய்மார்களே! எனக்கே தெரியாம, பின்பக்கமா வந்து போத்திட்டாங்க..."

டிரம் நின்றது.

திரும்பினேன். மிஷேல் குச்சியைக் காற்றில் பிடித்துக்கொண்டு, டிக்கெட் எடுக்காதவனைக் கண்டக்டர் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். கடல் சத்தம் மட்டும்.

"சரி, முன்பக்கமாத்தான் வந்தாங்க." தாளம் மறுபடி வந்தது. "ஆனா நான் வேணாம் வேணாம்னு மூணு தடவ..."

நின்றது.

ஜனம் சிரிக்க ஆரம்பித்தது. "யோவ் மேனேஜரு, மேளம் நிக்காமச் சொல்லுய்யா!" என்று ஒரு கிழவர் கத்தினார். கலை சிரிக்கவில்லை. மைக்குக்குத் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு வருஷப் பாட்டு என் நாக்கு நுனியில் நிற்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒன்று சொல்கிறேன். பென் டிரைவாக இருந்தால் நான் தப்பித்திருப்பேன். அது பொய்க்கும் அதே தாளம் போடும், மெய்க்கும் அதே தாளம் போடும். மனுஷன் கைதான் நிற்கும்.

"நான் கழுத்த நீட்டுனேன்" என்றேன். தாளம் வந்தது. "மைக்ல என் பேரச் சொன்னாங்க. அம்பத்தெட்டு வயசுல அதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. ஓடுனேன். கட்சியில சேரல. சேரச் சொல்லி எவனும் கேக்கவும் இல்ல, நான் அந்த அளவு ஆளும் இல்ல. இந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு சால்வையும் வீட்டுல பீரோவுல இருக்கு. ரெண்டாவது நல்ல சால்வை. தூக்கிப்போட மனசு வரல."

நிற்கவில்லை, மச்சான். பாஸ் கிதார் உள்ளே வந்தது. டிரம்பெட் பெரியவர் ஒரு இழுப்பு இழுத்தார். அஞ்சலை கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, "ம், பாடு" என்றாள். கலை என்னைத் தோளால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டுப் பாட ஆரம்பித்தாள். எரநூறு பேரும் "ஆளு யாருடா ஊருக்கு" என்று திருப்பிக் கத்தினபோது, நிஜமாகச் சொல்கிறேன், அலை இரண்டடி பின்னால் போனது. சரி, போகவில்லை. போன மாதிரி இருந்தது.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் நான் சொல்லாமல் இழுத்துக்கொண்டு வந்தது ஒன்று இருக்கிறது.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது கலை கேட்டாள். "மாமா, அப்பா பாட்டுக்கு மிஷேல் வாசிச்சா, எத்தன எடத்துல கைய நிறுத்தணும்?"

உன்னைப் பற்றியும் ஒரு பாட்டு வைத்திருக்கிறாள், மச்சான். மில்லை மூடினபோது எல்லாரும் வரிசையில் நின்று, கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு விலகுகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், ஒருத்தன் மட்டும் காகிதத்தைக் கிழித்து மேனேஜர் மூஞ்சியில் எறிந்துவிட்டு நடந்தான் என்று. அது நான் சொன்ன கதை. உன் கருமாதி அன்று சொன்னேன். பந்தியில் உட்கார்ந்திருந்த உன் பழைய சிநேகிதப் பயல்கள், "கோஷம் போட்டவனே கையெழுத்துப் போட்டான்" என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தார்கள். அத்தனை பேரும் அன்றைக்கு வரிசையில் உனக்கு முன்னால் நின்றவன்கள். நாக்கூசாத நாய்கள். அந்த ஆத்திரத்தில்தான் கதையில் கிழித்தேன் காகிதத்தை, உன் கையால்.

கலை கேட்டதும் நான் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். நான் வாயை மூடியதைப் பார்த்தே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் டிரம்மைக் கட்டுகிற கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். பிறகு, "அடுத்தது முதலியார்பேட்டைல, அப்பா மில்லு இருந்த எடத்துக்கிட்ட வாசிக்கிறோம். அந்தப் பாட்ட நான் பாட மாட்டேன். நீ வந்து சொல்லு" என்றாள்.

சொல்லப்போகிறேன். பதினோரு நாள் கேட்டில் கத்தினாய். பன்னிரண்டாம் நாள் தொண்டை கட்டிப்போய், வரிசையில் கடைசி ஆளாக நின்றாய். உன்னிடம் பேனா இல்லை, நான்தான் கொடுத்தேன். போட்டாய். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நாலாம் நாள் எழுந்து, கலையைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலை தேடிப் போனாய். கிழித்தவனை விட இவன் எனக்குப் பெரிய ஆள். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் தைரியம் இல்லை.

ஜரிகை எதுவும் சேர்க்காமல் சொல்கிறேன், மச்சான். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் மிஷேல் கை ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டிரு.

அந்தப் பேனாவைக் கொடுத்தவன்,
உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உன் பொண்ணுக்குத் தாய்மாமன்,
தனபால்