பேரோடு வந்த சாட்சி

வில்னா, நவம்பர் 1936

என் அன்பு மனைவிக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. வலது கையில் கல் பட்டதால் இரண்டு வாரம் இடது கையால் எழுதச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

நம் யூதப் பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கியது யூத வெறுப்பு மாணவர் கும்பல். போலீஸ் பிடித்ததோ நம் அச்சுக்கோப்பவர் ஹிர்ஷை. நேற்று எதிர்க்கடைப் பூக்காரி யாத்விகா வந்தாள். கத்தோலிக்கப் பெண், நமக்காகப் பேசினால் அவள் கடையிலும் கல் விழும்.

"எல்லாத்தையும் நான் பார்த்தேங்க. எழுதிக்கோங்க."

"உங்க பேரைப் போட மாட்டோம்மா" என்றேன்.

"பேரில்லாட்டி எவன் நம்புவான்? கொட்டை எழுத்துல போடுங்க!"

இன்று காலை இதழில் அப்படியே போட்டோம். மதியம் ஹிர்ஷை விட்டுவிட்டார்கள். வந்ததும் வராததுமாக இதழைப் பார்த்து, "நான் இல்லாம ரெண்டு எழுத்துப் பிழையா?" என்று கத்தினான்.

யாத்விகா கடையில் நம் தெருவே வரிசையில் நின்று பூ வாங்குகிறது. பிள்ளைகளோடு வீட்டுக்குக் கிளம்பி வா.

உன் கணவன்