பரிசோதனைக்குப் படுக்க முடியாத என் அக்காவுக்கு

என் தங்கமே, கோமதியக்கா,

நீ இல்லாத முதல் கரும்பு வெட்டு இது. மணலூர்பேட்டைச் சாலை முழுக்க டிராக்டர்தான். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும்; அதற்கு முன் கொஞ்சம் ஆத்திரத்தைக் கொட்டிவிடுகிறேன்.

பட்டாளத்தில் நர்சாகச் சேர்ந்த புதிதில், லீவுக்கு வந்தால் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலை முழுக்கப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டுவாய். அப்புறம்தான் நீ வேலை பார்த்த முகாமில் ஒரு மேலதிகாரி மருந்தறைக் கதவைச் சாத்தி உன்னைப் பலாத்காரம் செய்தான். புகார் கொடுத்தாய். அவனுக்குப் பதவி உயர்வு, உனக்கு இடமாற்றம். நல்ல நியாயம்!

வேலையை விட்டு வந்த பிறகும் உன் உடம்பு அந்த அறையை விட்டு வரவே இல்லை. தூக்கம் போச்சு. யாராவது பின்னால் நின்றாலே வியர்த்துக் கொட்டும். முப்பத்தைந்து வயதிலேயே பிரஷர் மாத்திரை. அடிவயிற்று வலியும் உதிரப்போக்கும் ஆரம்பித்ததும் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனேன்.

"காலை மடக்கிப் படும்மா" என்றார் டாக்டரம்மா. நீ மேசையை விட்டு இறங்கிவிட்டாய்.

"நர்சா இருந்தவங்க! உங்களுக்கே இன்னாம்மா பயம்?"

"பயம் இல்லீங்க. முடியல."

ஏன் முடியவில்லை என்று அவர் ஏன் கேட்கவில்லை?

அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் நீ மிதிக்கவில்லை. மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு போனபோது, கர்ப்பப்பை வாய்ப் புற்று எங்கெங்கோ பரவியிருந்தது. "முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்!

போன வாரம் சங்கராபுரத்தில் முன்னாள் படைவீரர்கள் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். "கட்டுப்பாடான பொண்ணு. பாவம், வயித்துவலியில போயிடுச்சி" என்றார் தலைமை தாங்கியவர். நான் எழுந்து, உனக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"செத்தவங்க மானத்தை ஏம்மா வாங்குற?" என்றார்.

"மானம் போவேண்டியது அவனுக்குங்க. எங்க அக்காவுக்கு உசுரே போச்சி."

பாதிப் பேர் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான். "எனக்கும் இதே கதிதான் கண்ணு. ரத்தம் போய்க்கினே இருக்குது. படுத்துக் காட்ட முடியல."

திங்கட்கிழமை அவரை அழைத்துப் போகிறேன். உள்ளே போகும் முன்பே டாக்டரிடம் விஷயத்தை நான் சொல்லிவிட அவரே சம்மதித்திருக்கிறார். அந்த அம்மா நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும். அன்றைக்கு முடியாவிட்டால் இன்னொரு நாள் போவோம். உனக்கு ஒருத்தரும் காட்டாத பொறுமையை அவருக்கு வாங்கித் தராமல் ஓயமாட்டேன் அக்கா. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தா