இரண்டாவது விளக்கு

மார்ச் 4

ஸ்டுடியோக்காரருக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் மகளும் சௌக்கியம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். நீங்கள் கடலுக்கடியில் எடுத்த ஓடில்லாத நத்தையின் படம் வந்தது. விரல் நகம் அளவுதானாமே. அதற்கு முதுகில் பூ, தலையில் கொம்பு, உடம்பைச் சுற்றி ஊதாக் கரை! மகள் பார்த்துவிட்டு, "இதுக்கு மாப்பிள்ளை பாக்கத்தான் அப்பா வீட்ட விட்டுப் போனாராம்மா?" என்றாள். சிரித்தேன். பிறகு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

மழைக்கு முன்னால் வருவேன் என்றீர்கள். மாடிக் குழாய் ஒழுகுகிறது.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 19

என் கணக்குப்பிள்ளைக்கு,

ஸ்டுடியோ வரவு செலவெல்லாம் உன் கையில்தானே, குழாய்க்காரனைக் கூப்பிடு. இந்த நத்தைகளுக்கு வெளிச்சமும் இருட்டும்தான் தெரியுமாம். கல்யாண வீடுகளில் "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று காலமெல்லாம் கத்தினவனுக்கு இது எவ்வளவு நிம்மதி தெரியுமா? இன்னொரு படம் வைத்திருக்கிறேன். ரோஜா மாதிரி சுருண்டிருப்பது அது இட்ட முட்டை.

மழை முடிந்ததும் வருகிறேன்.

உன் ஸ்டுடியோக்காரன்

ஏப்ரல் 2

ஸ்டுடியோக்காரருக்கு,

முட்டை அழகுதான். கேட்க வந்தது வேறு. முந்தைய படங்களில் நத்தைக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் இருக்கும். உங்கள் கேமராவில் ஒரு விளக்கு, எதிர்ப்பக்கம், காற்று சிலிண்டர் தூக்கி உங்களோடு இறங்கும் தம்பி பிடிக்கும் விளக்கு என்று சொல்லியிருந்தீர்கள். இதில் ஒரு பக்கம் கறுப்பாக நிழல் விழுந்திருக்கிறது. தனியாக இறங்குகிறீர்களா? ஜோடி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, காற்று தீர்ந்தால் பக்கத்து ஆளிடம்தான் வாங்க வேண்டும் என்றது நீங்கள்தானே?

சாமியிடம் இப்போது ஒன்றுதான் கேட்கிறேன். "அவர் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்" என்று. வீட்டுக்கு வரட்டும் என்றுகூடக் கேட்பதில்லை. ஒரு நேரத்தில் ஒன்று கேட்பதுதான் மரியாதை.

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 20

என் கணக்குப்பிள்ளைக்கு,

உன் கண்ணுக்குத் தப்புமா? தம்பிக்குக் காது பழுதாகிவிட்டது, இனி இறங்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். வேறு ஆள் கிடைக்கவில்லை. நத்தையைப் பார்க்கும்போது காற்றின் அளவைப் பார்க்க மறந்துபோகிறது, அவ்வளவுதான். பயப்படாதே.

உன் ஸ்டுடியோக்காரன்

ஜூன் 11

உனக்கு,

இப்போது தனியாக இறங்குவதில்லை. டைவிங் பள்ளி டீச்சர் ஒருத்தி விளக்குப் பிடிக்கிறாள். போன மாதம் அடியில் காற்று தீர்ந்து தவித்தபோது, மாணவர்களோடு அந்தப் பக்கம் வந்த அவள்தான் தன் காற்றைக் கொடுத்து மேலே கொண்டுவந்தாள். இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறேன். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மழை முடிந்தாலும் வரமாட்டேன்.

ஜூன் 24

ஸ்டுடியோக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பரீட்சை நடக்கிறது, முடிந்ததும் அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். கேட்டதைக் கொடுத்துவிட்ட சாமியிடம் எந்த முகத்தோடு சண்டை போடுவது? எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

இனி படம் அனுப்ப வேண்டாம்.

அந்த டீச்சரிடம் ஒன்று சொல்லுங்கள். படம் எடுக்கும்போது உங்களைக் கூப்பிட்டால் கேட்காது. கரையிலும் அப்படித்தான். தோளைத் தொட வேண்டும்.

உங்கள் மகளின் அம்மா