கிள்ளாமல் விட்ட மொட்டு

அம்மா,

இன்று காலை கதவைத் திறந்ததும் ஈரச் சருகின் வாசம் வந்தது. ரொடோடென்ட்ரன் செடியின் அடியில் நாம் பரப்பும் அதே சருகு, மழையில் ஊறியிருந்தது. நிமிர்ந்தேன். கிளை நுனியெல்லாம் சிவப்பு. நீங்கள் போன பிறகு அது பூப்பது இதுதான் முதல் தடவை.

நான் பட்டம் வாங்கிய வருஷம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். சேலை என்பீர்கள் என்று நினைத்தேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில் துரை பங்களாவில் பார்த்த அந்தச் சிவப்புப் பூ நம் வாசலில் பூக்க வேண்டும் என்றீர்கள். நுவரெலியாவில் கன்று வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் புசல்லாவைக்கு வந்தேன். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்தான் இதற்கும் பிடிக்குமாம் என்றேன். "அப்ப நம்ம ஆளுதான்" என்றீர்கள்.

வளர்ந்தது, பூக்கவில்லை. நிழலைக் குறைத்தோம், சருகைக் கூட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் தினமும் போய்ப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்புவீர்கள்.

ஒரு சனிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சித்தியோடு பேசியபடியே உங்கள் விரல்கள் செடியின் நுனிகளைக் கிள்ளிக்கொண்டிருந்தன. பூமொட்டு பிடிப்பதே அங்கேதான். கிள்ளியதை, முதுகில் கூடை இருப்பதுபோல, தோளுக்கு மேலே எறிந்தும் விட்டீர்கள். எப்படிச் சொல்வது என்று நான் தயங்கி நின்றேன். சித்தி சொல்லிவிட்டார்.

"என்னக்கா, தோட்டத்த விட்டு வந்தும் கொழுந்து எடுக்கிறீங்க. இத யாரு நிறுக்கிறது?"

கையைப் பார்த்தீர்கள். பிறகு நீங்கள் சிரித்த சிரிப்பில் சித்தி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு செடிப் பக்கம் போனால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாதிரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வீர்கள். அடுத்த பருவத்தில் பூத்தது. உங்களோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அன்று என் கண்டி பஸ் தவறியது. பூ வாடியதும் காய்ந்த கொத்தை மட்டும் கிள்ளிவிட வேண்டும், கீழேயுள்ள தளிரில் நகம் படக் கூடாது என்று படித்துச் சொன்னேன்.

"கிள்ளுறதுக்கும் இதுல வேலை இருக்கா?"

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இறங்கினீர்கள். நான் ஒரு கொத்தை எடுப்பதற்குள் செடி முழுவதையும் கிள்ளி முடித்துவிட்டீர்கள்.

ரோட்டில் யார் நின்று பார்த்தாலும் "உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிடுவீர்கள். நான் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்வேன். இன்று ஒரு பெண் மகளோடு வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அவர்கள் நகரத் தொடங்கினார்கள்.

"உள்ள வந்து பாருங்க."

என் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று இன்றுதான் தெரிந்தது, அம்மா.